உப்பை விட்டவர் உப்புக்காக நடந்தார்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 2:19–22, மத்தேயு 5:13



நம்முடைய கம்பம் பள்ளத்தாக்கில் விளையாத பொருள் எது என்று கேட்டால் விடை சொல்லச் சற்று யோசிக்க வேண்டியிருக்கும். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் நெல் விளைகிறது. சுருளிப்பட்டியைச் சுற்றிப் பந்தல் பந்தலாகத் திராட்சை காய்க்கிறது. வாழையும் தென்னையும் இருக்கின்றன. மலை ஏறினால் ஏலமும் மிளகும் காபியும் கிடைக்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்பாக அடுப்படியில் கை போகிற பொருள் ஒன்று இங்கே விளைவதில்லை. அது உப்பு. தூத்துக்குடியின் உப்பளங்களிலிருந்து சாலைவழியாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அது நம் வீட்டு ஜாடிக்கு வருகிறது.

அந்த ஜாடியைச் சுற்றி நம் வீடுகளில் எத்தனையோ பழக்கங்கள் உண்டு. புது வீட்டுக்குள் முதலில் கொண்டுபோகும் பொருள்களில் உப்பும் ஒன்று. விளக்கு வைத்தபின் உப்பைக் கடனாகக் கொடுக்க மாட்டார்கள். உப்பைச் சிந்தினால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். எந்தக் கரண்டி அளவும் இல்லாமல், கைக்கணக்கிலேயே கல் உப்பை அள்ளிப் போடும் தாய்மாரின் விரல்கள் ஒருநாளும் தவறுவதில்லை. சகுனங்களுக்கு நாம் அஞ்சுகிறவர்கள் அல்லர். எனினும் இந்தப் பழக்கங்களுக்கு அடியில் ஒரு பழைய நினைவு கிடக்கிறது என்று எண்ணத் தோன்றுகிறது. உப்பு எளிதில் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அதை வீணாக்குவது மெய்யாகவே இழப்பாயிருந்தது. அந்த நினைவின் வரலாற்றையே இவ்வாரம் தியானத்திற்கு எடுத்துக்கொள்வோம்.

சங்க காலத்தில் உமணர் என்னும் உப்பு வணிகர் மாட்டுவண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு நெய்தல் நிலத்திலிருந்து உள்நாட்டுக்கு வந்தனர். நெல்லுக்கு உப்பு என்று மாற்றி விற்றனர். இதை அகநானூறு போன்ற தொகைநூல்கள் காட்டுகின்றன. உள்நாட்டு மக்களுக்கு உப்பு எப்போதும் தொலைவிலிருந்து வரும் பொருளாகவே இருந்திருக்கிறது. தொலைவிலிருந்து வரும் பொருளுக்கு வழியில் யாரேனும் கை நீட்டுவார்கள். அப்படி நீண்ட கைகளில் மிகப் பலமானது அரசனின் கை.

வேதாகமம் இதை அறிந்திருக்கிறது. உப்பில்லாத உணவை உண்ணக் கூடுமோ என்று யோபு கேட்கிறான் (யோபு 6:6). கர்த்தருக்குப் படைக்கும் போஜனபலி ஒவ்வொன்றிலும் உப்பு சேர்க்கப்பட வேண்டும் என்பது கட்டளை (லேவியராகமம் 2:13). எஸ்றாவின் புத்தகத்திலோ உப்பின் மற்றொரு முகம் தெரிகிறது. எருசலேமைக் கட்டவிடாமல் தடுக்க நினைத்தவர்கள் பெர்சிய அரசனுக்கு மனு எழுதும்போது, தாங்கள் அரண்மனையின் உப்பை உண்கிறவர்கள் என்பதைக் காரணமாகச் சொல்கிறார்கள் (எஸ்றா 4:14, மூலமொழியின்படி). நம்மவர் சொல்லும் "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற பழமொழியின் மறுபக்கம் இது. உப்பிட்டவன் அநியாயக்காரனாயிருந்தால், உண்டவனின் நாவும் அநியாயத்திற்குக் கட்டுப்பட்டுவிடுகிறது.

இன்னும் ஒரு சான்று உண்டு. நம் திருச்சபைப் பிரிவு வேதாகமத்தின் பகுதியாக ஏற்காவிட்டாலும் வரலாற்று நூலாக மதிக்கிற மக்கபேயரின் முதல் நூலில், சீரியாவை ஆண்ட தெமேத்திரியு அரசன் யூதர்களைத் தன் பக்கம் இழுக்க ஒரு சலுகைப் பட்டியலை அறிவிக்கிறான். அவன் நீக்குவதாக வாக்களிக்கும் வரிகளுள் உப்பு வரியும் ஒன்று (10:29). கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முந்திய செய்தி இது. சாக்கடல் அருகே இருந்தும், அதன் உப்புக்கு அந்நிய அரசனுக்கு வரி செலுத்தியிருக்கிறது அந்த ஜனம். மலையின்மேல் அமர்ந்து ஆண்டவர் தம் சீஷர்களைப் பூமியின் உப்பு என்று அழைத்தபோது, கேட்டவர்கள் அச்சொல்லை ருசியாக மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏழைக்கும் அவசியமானது, ஆளுவோர் பறிக்கக் கூடியது என்ற கனமும் அதில் ஒலித்திருக்கும்.

இனி நம் தேசத்திற்கு வருவோம். கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் தனியுரிமையாக்கிக்கொண்டது. அதன்பின் கடலோரத்தில் தானாகப் படிந்த உப்பை அள்ளுவதும், உள்நாட்டில் உவர்மண்ணைக் கரைத்து உப்புக் காய்ச்சுவதும் குற்றமாயின. தலைமுறை தலைமுறையாக மண்ணிலிருந்து உப்பு எடுத்துப் பிழைத்த உப்பிலியர் தங்கள் தொழிலை இழந்து, குளம் வெட்டும் மண்வேலைக்குப் போக நேர்ந்தது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானோர் மடிந்தனர். அந்தப் பஞ்சத்தின் முடிவில், 1878-இல், சென்னை மாகாணத்தின் உப்பு வரி குறைக்கப்படவில்லை. மணங்கு ஒன்றுக்கு இரண்டரை ரூபாயாக உயர்த்தப்பட்டது. மணங்கு என்பது ஏறத்தாழ 37 கிலோ. கஞ்சியைத் தவிர வேறொன்றும் இல்லாதவனுக்கு அந்தக் கஞ்சியில் போடும் உப்பே கறியும் குழம்பும். அதன்மேல் வந்து விழுந்தது அந்த வரி. நம் பள்ளத்தாக்கை வாழவைக்கிற பெரியாறு அணை, நெடுங்காலம் ஏட்டளவில் கிடந்த திட்டம். அதே பஞ்சத்தின் கொடுமையே அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1895-இல் பென்னிகுவிக்கின் மேற்பார்வையில் அது நிறைவேறியது. ஒரே பஞ்சத்திற்கு ஒரே அரசாங்கம் கொடுத்த இரண்டு மறுமொழிகள் இவை. தண்ணீரைத் தந்தது ஒரு கை; உப்பைப் பிடுங்கியது மற்றொரு கை. வரலாற்றை வாசிக்கும் விசுவாசி இரண்டையும் நேர்மையாக நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது ஒரு வீட்டுக்குள் செல்வோம். தென்னாப்பிரிக்காவில் காந்தி வாழ்ந்த நாட்களில் கஸ்தூரிபாய் நோயுற்றார். உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி கணவர் வற்புறுத்தினார். மனைவி இணங்கவில்லை. உமக்கே அப்படிச் சொன்னால் உம்மாலும் விட முடியாது என்று மறுமொழி சொன்னார். அந்தக் கணமே காந்தி, தாம் ஓராண்டு காலம் இரண்டையும் விடுவதாக உறுதி எடுத்துக்கொண்டார். கஸ்தூரிபாய் அழுது மன்றாடியும் அவர் தம் உறுதியிலிருந்து விலகவில்லை. மனைவி தேறினார், உணவு மாற்றம்தான் காரணமா என்று காந்தி தீர்மானமாகச் சொல்லவில்லை. ஆனால் ஓராண்டு கடந்த பின்னும் நெடுங்காலம் அவர் உப்பில்லாமலே உண்டார். இதைத் தம் சத்தியசோதனையில் அவரே எழுதியிருக்கிறார்.

இதே மனிதர்தான் 1930 மார்ச் 2-ஆம் நாள் வைசிராய் இர்வின் பிரபுவுக்குக் கடிதம் எழுதி, ஏழையின் நிலையிலிருந்து பார்த்தால் உப்பு வரியே எல்லாவற்றிலும் கொடிய அநீதி என்று தெரிவித்தார். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்னும் இளம் ஆங்கிலேயர். குவேக்கர் கிறிஸ்தவ மரபைச் சேர்ந்தவர். மார்ச் 12-ஆம் நாள் சபர்மதியிலிருந்து காந்தியுடன் புறப்பட்ட 78 பேரில் ஒரே ஒரு கிறிஸ்தவர் இருந்தார். அவர் கேரளத்தின் மாராமண்ணைச் சேர்ந்த தேவர்துண்டியில் டைட்டஸ். ஆசிரமத்தின் பால்பண்ணையைக் கவனித்துவந்தவர். ஏப்ரல் 6-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தண்டிக் கடற்கரையில் உப்பு அள்ளப்பட்டது.

பிரியமானவர்களே, இங்கே சற்று நில்லுங்கள். தன் நாவுக்கு உப்பு வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் விட்டிருந்த ஒருவர், பிறருடைய கஞ்சிக்கு உப்பு வேண்டும் என்று சுமார் 390 கிலோமீட்டர் நடந்தார். அவர் நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் மலைப்பிரசங்கத்தை நேசித்து வாசித்தவர். உபவாசம் என்றால் என்ன என்பதை ஏசாயா 58-ஆம் அதிகாரம் விளக்குகிற விதத்தை நினைத்துப் பாருங்கள். தன் வயிற்றை ஒடுக்குவதோடு அது முடிவதில்லை. பிறன்மேல் இருக்கும் நுகத்தடியை முறிப்பதுவரை அது செல்கிறது. தனக்கு விடுவதும் பிறனுக்காகக் கேட்பதும் அங்கே ஒரே உபவாசம்.

தமிழகத்தில் நடந்ததோ இன்னும் நம் அடுப்படிக்கு அருகில் வருகிறது. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடக்கத் தொடங்கினர். அவ்வாண்டு அது குருத்தோலை ஞாயிறு. திருச்சியிலும் தஞ்சையிலும் திருச்சபைகள் பரிசுத்த வாரத்தை ஆசரித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அதே மாவட்டங்களின் சாலைகளில் இவர்கள் உப்புக்காக நடந்துகொண்டிருந்தார்கள்.

தஞ்சை மாவட்ட ஆட்சியராயிருந்த தார்ன் துரை ஓர் உத்தரவு பிறப்பித்தார். அந்தத் தொண்டர்களுக்கு உணவோ தங்குமிடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று அறிவித்தார். நடப்பவர்களைத் தொடாமலே பட்டினியால் நிறுத்திவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் கிராமத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது. சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று காவலர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை, உண்டவர்களுக்கும் தெரியவில்லை. அந்தச் சோற்றைப் பிசைந்த கைகளின் பெயர்களை எந்த வரலாற்று நூலும் சொல்லவில்லை. பார்வோனின் கட்டளையை மீறிய சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகளின் பெயர்களை யாத்திராகமம் எழுதி வைத்திருக்கிறது. காவிரிப் படுகையின் இந்தத் தாய்மாரின் பெயர்கள் தேவனுக்குத் தெரியும்.

அந்தச் சோற்றிலும் உப்பு இருந்திருக்கும், வரி செலுத்தி வாங்கிய உப்பு. அதைப் போட்டுச் சமைத்தே அவ்வரிக்கு எதிராக நடந்தவர்களைப் போஷித்தார்கள்.

ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரண்யம் சேர்ந்த தொண்டர்களைச் சர்தார் வேதரத்தினம் பிள்ளை வரவேற்றார். அதற்கு அவர் கொடுத்த விலை சிறைவாசமும் சொத்து இழப்பும். ஏப்ரல் 30-ஆம் நாள் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிய இராஜாஜி கைதானார். உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதான முதல் பெண் என்று அறியப்படும் ருக்மணி இலட்சுமிபதியும் வேதாரண்யப் போராட்டத்தில்தான் சிறை சென்றார்.

அப்போது கிறிஸ்தவர்களிடையே ஒருமனம் இருக்கவில்லை. அரசாங்கத்திற்குக் கீழ்ப்படிதலே விசுவாசியின் கடமை என்று திருச்சபைத் தலைவர்களில் பலர் போதித்தனர். அவர்களுக்கு மறுமொழி சொன்னவர்களுள் முதன்மையானவர் தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர் ஜே. சி. குமரப்பா. காந்தி சிறையிலிருந்தபோது 'யங் இந்தியா' இதழின் பொறுப்பை ஏற்று, தாமும் சிறை சென்றவர் அவர். இயேசுவின் அன்பின் வழியையும் அகிம்சையின் வழியையும் பிரித்துப் பார்க்க அவரால் இயலவில்லை. பிற்காலத்தில் நமக்கு அண்டையிலுள்ள மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் எளிய வாழ்வு வாழ்ந்து, 1960 ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார்.

1931 மார்ச் மாதத்து காந்தி–இர்வின் உடன்பாட்டில், உப்பு விளையும் இடங்களுக்கு அருகில் வாழும் மக்கள் தங்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. வரி முழுவதும் ஒழிந்ததோ 1947 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு. இன்று நாம் விலையை யோசிக்காமல் கை நிறைய அள்ளுகிற உப்பு, இவ்வளவு தூரம் நடந்து வந்த உப்பு.

இனி நம் வீட்டு ஜாடிக்குத் திரும்புவோம். அன்று உப்பு கிடைக்காதது துயரம். இன்று உப்பு மிகுந்துபோனது துயரம். ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்டு, உப்பு உண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியர்கள் உண்பது ஏறக்குறைய அதன் இருமடங்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், கடைச் சிப்ஸ் என்று அது பல வாசல்களில் நுழைகிறது. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. இருதயத்தையும் சிறுநீரகத்தையும் பக்கவாதத்தின் வழியாக மூளையையும் தாக்குகிறது.

வீடு சந்திக்கச் செல்லும் ஊழியத்தில் அடிக்கடி காணும் ஒரு காட்சி உண்டு. வீட்டின் தாய்க்கு இரத்த அழுத்தம். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் குழம்பில் ஒரு சிட்டிகை குறைந்தாலும் கணவரும் பிள்ளைகளும் தட்டை நகர்த்திவிடுகிறார்கள். ஆகவே அவர் எல்லாருக்கும் ஏற்ற உப்பைப் போட்டு, அதையே தானும் உண்கிறார். தனக்கென்று வேறு சமைக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. மாத்திரை ஒருபுறம், உப்பு மறுபுறம் என்று அவருடைய சரீரம் போராடுகிறது. அந்த வீட்டில் அவரைத் தனியே உபவாசிக்கச் சொல்வது அன்பாகாது. நானும் உன்னோடு விடுகிறேன் என்று கணவர் சொல்வதே அன்பு. வற்புறுத்தியபோது அசையாத கஸ்தூரிபாய், கணவர் தாமே விட்டபோது இணங்கினார் என்பதைக் குடும்பத்தலைவர்கள் கவனிப்பார்களாக. நாக்கு சில வாரங்களில் புதிய அளவுக்குப் பழகிவிடும். வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் வியர்வை சிந்துகிறவர்கள், நோய் உள்ளவர்கள், மருத்துவர் ஆலோசனைப்படி அளவை வைத்துக்கொள்ளட்டும்.

எரிகோவின் தண்ணீர் கெட்டிருந்தபோது எலிசா ஒரு புதுத் தோண்டியில் உப்பைக் கொண்டுவரச் சொன்னான். கர்த்தர் ஊற்றை ஆரோக்கியமாக்கினார். நம் நாட்களில் உப்பின் வழியாக வந்த ஆரோக்கியம் ஒன்றும் உண்டு. 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் வி. இராமலிங்கசுவாமியின் குழுவினர் ஆய்வு தொடங்கி, அயோடின் சேர்த்த உப்பினால் முன்கழுத்துக் கழலை குறைவதைக் காட்டினர். அதன் பயனாக 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது. கர்ப்பவதிகளுக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கும் அயோடின் இன்றியமையாதது. ஆகவே கல் உப்போ தூள் உப்போ, உறையில் அயோடின் குறியைப் பார்த்து வாங்குங்கள். ஜாடியைத் திறந்து வைக்காமல், அடுப்பின் அனலுக்கும் ஈரத்திற்கும் விலக்கி மூடி வையுங்கள். இல்லாவிட்டால் அயோடின் குறைந்துபோகும்.

கடைசியாக, உப்பு வரி போய்விட்டது. உப்பு விளைவிக்கிறவரின் பாரம் போகவில்லை. தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் ஆண்களும் பெண்களும் கொளுத்தும் வெயிலில், கண் கூசும் வெண்மையில், உவர்நீரில் கால் ஊன்றி நிற்கிறார்கள். மழை தொடங்கினால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. ஒரு குடும்பம் அதைக்கொண்டு எத்தனை நாள் உண்ணும் என்பதை நீங்களே கணக்கிடலாம். நம் போஜன ஜெபத்தில் நெல் விளைவித்தவரை நினைக்கிறோம். உப்பு விளைவித்தவரையும் நினைப்போம். அவர்களுக்கு நியாயமான கூலியும் நிழலும் குடிநீரும் வேண்டும் என்று பேசவும் கற்றுக்கொள்வோம்.

உப்பு தனக்கென்று இருப்பதில்லை. ஜாடியிலேயே இருக்கும்வரை அது யாருக்கும் பயனில்லை. கரைந்தபின் அதைக் கண்ணால் காண முடிவதில்லை. தேவன் நம்மைப் பூமிக்கு உப்பாக வைத்திருக்கிறார் என்றால், நம் தட்டில் குறைக்க வேண்டியதைக் குறைக்கவும், அயலானுடைய தட்டில் குறைவதற்காகக் குரல்கொடுக்கவும் வைத்திருக்கிறார். மரக்கிளையில் சோற்றைக் கட்டிவிட்டுப் பெயர் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிய அந்தத் தாய்மார் கரைந்த உப்பு.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்கள் அடுப்படிகளை ஆசீர்வதியும். எங்கள் இச்சையை ஒடுக்கவும், எங்கள் வீட்டிலுள்ள பலவீனரோடு சேர்ந்து உண்ணவும் எங்களுக்குக் கிருபை தாரும். உப்பளங்களில் உழைக்கும் உம்முடைய பிள்ளைகளின் கண்களையும் கால்களையும் காத்தருளும். அவர்களுக்காகப் பேச எங்கள் நாவைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம் பிதாவே. ஆமென்.